வெறியில் கார் ஓட்டிய குத்துச்சண்டைச் சாம்பியனுக்குப் பட்டப் பெல்ட் இருக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் வேகாஸில் சனி இரவு எட்டு மணிக்கு நடக்கும் சண்டை, கோடைக்காலத்தில் திருகோணமலைக்கு ஞாயிறு காலை எட்டரைக்கு வந்துவிடும். உவர்மலையில் ஒரு நண்பர் வீட்டில் கூடிப் பார்ப்போம். பெரிய சண்டைக்கு முன்னால் சின்னச் சண்டைகள் ஓடும் நேரத்தில் ஆரம்பிக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்ட வீரர்கள். புதிதாக வரும் தம்பிமார் கேட்பதும் பழைய ஆட்கள் கத்துவதும் அதே கேள்விகள். தொண்டைத்தண்ணி வற்ற மறுபடி மறுபடி சொல்வதை விட்டு, எழுதி வைத்துவிட்டேன்.

இந்தப் பேச்சு யாரால் ஆரம்பமானது?

எரல் ஸ்பென்ஸால். 2019 செப்டெம்பர் 28 அன்று ஷோன் போர்ட்டரை வென்று, கையிலிருந்த ஐ.பி.எப். என்ற அமைப்பின் வெல்டர்வெயிட் எடைப்பிரிவு உலகப் பட்டத்தோடு, டபிள்யூ.பி.சி. என்ற இன்னோர் அமைப்பின் பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு கிழமைகூட ஆகவில்லை. ஒக்டோபர் 10 அதிகாலை டலாஸ் நகரில் அவருடைய பெராரி கார் உருண்டு உருண்டு போனது. சீட் பெல்ட் போடாதவர் வெளியே தூக்கி வீசப்பட்டார். வீதிக் கமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்த்தால் உள்ளே இருந்தவர் பிழைத்திருப்பார் என்று சொல்லவே முடியாது. ஆனால் முகத்தில் வெட்டுக்காயம், உடைந்த பல், அவ்வளவுதான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. வேறு யாருக்கும் அடிபடவுமில்லை.

போதையில் வாகனம் ஓட்டியதாகப் பொலிஸ் வழக்குப் போட்டது. பட்டங்கள் இரண்டும் அவரிடமே இருந்தன. 2020 டிசம்பர் 5 அன்று டானி கார்சியாவுடன் மோதித் திரும்பி வந்தார், புள்ளியில் வென்றார். எங்கள் வீட்டுச் சண்டை அந்த "அவரிடமே இருந்தன" என்பதில் தொடங்கியது.

அந்த விபத்தால்தானே குரோஃபோர்டிடம் தோற்றார்?

ஸ்பென்ஸ் ரசிகர்களின் பிடித்தமான வாதம். 2023 ஜூலை 29 அன்று டெரன்ஸ் குரோஃபோர்ட் அவரை இரண்டாம் சுற்றில் ஒருமுறை, ஏழாம் சுற்றில் இரண்டு முறை விழுத்தி, ஒன்பதாம் சுற்றில் ஆட்டத்தை முடித்தார். "2019 இல் இருந்த ஸ்பென்ஸ் இவர் இல்லை" என்று அன்று காலையே ஒருவர் தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனார். இடியப்பம் பாதியில் கிடந்தது.

எனக்கு இது ஒட்டவில்லை. விபத்துக்குப் பிறகு கார்சியாவை வென்றவர், 2022 ஏப்ரலில் யோர்டெனிஸ் உகாஸை பத்தாம் சுற்றில் நிறுத்தியவர். நடுவில் கண்ணின் விழித்திரைக் கிழிசலுக்குச் சிகிச்சையும் எடுத்தார், அதனால் மனி பக்கியாவோவோடு நடக்க இருந்த சண்டை போனது. உடம்பில் ஏதோ குறைந்திருக்கலாம். சரி, குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதை யார் குறைத்தது? குரோஃபோர்டின் வெற்றியில் நட்சத்திரக்குறி போட்டு, அதன் அடிக்குறிப்பில் ஸ்பென்ஸின் காரை எழுதுவது என்ன நியாயம்?

ஸ்பென்ஸ் மட்டும்தானா?

இல்லை. மைக் டைசன் 2006 டிசம்பர் கடைசியில் அரிசோனாவில் பிடிபட்டார். போதையில் ஓட்டியதையும் கொக்கேய்ன் வைத்திருந்ததையும் அடுத்த வருடம் ஒப்புக்கொண்டார். 24 மணிநேரச் சிறை, 360 மணிநேரச் சமூகசேவை, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. அப்போது அவர் ஓய்வுபெற்றிருந்ததால் பட்டம் பற்றிய பேச்சு எழவில்லை.

ஹூலியோ சீசர் சாவேஸ் ஜூனியரின் கதைதான் எங்கள் விவாதத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அவர் டபிள்யூ.பி.சி. மிடில்வெயிட் சாம்பியனாக இருந்தபோது, 2012 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் பிடிபட்டார். பெப்ரவரி 4 அன்று மார்கோ அன்டோனியோ ரூபியோவோடு பட்டத்துக்காக மோதி வென்றார். பிறகு 13 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. பிடிபட்டதற்கும் சண்டைக்கும் இடையில் இருந்தது இரண்டு கிழமை. ஒத்திவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் டிக்கெட் விற்றாயிற்று.

டியேகோ கொரால்ஸையும் இந்தப் பட்டியலில் போடலாமா?

போடத்தான் வேண்டும், போடும்போது கை நடுங்கினாலும். 2005 மே 7 அன்று லாஸ் வேகாஸில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவோடு அவர் மோதிய சண்டையைப் பார்க்காதவர்கள் இருந்தால் இன்றைக்கே தேடிப் பாருங்கள். பத்தாம் சுற்றில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் வாய்க்கவசம் வெளியே வந்தது. அதைக் கழுவிப் போடும் நேரத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினார். கண் இரண்டும் வீங்கி ஏறக்குறைய மூடியிருந்தன. அதே சுற்றில் திருப்பி அடித்துக் காஸ்டியோவைக் கயிற்றில் சாய்த்து வென்றார்.

சரியாக இரண்டு வருடம் கழித்து, 2007 மே 7 இரவு, அதே நகரத்தில் அதிவேக மோட்டார் சைக்கிளில் போய் முன்னால் போன காரில் மோதி இறந்தார். வயது 29. இரத்தத்தில் இருந்த மதுவின் அளவு சட்ட எல்லையின் மூன்று மடங்கு. எங்களில் கொரால்ஸை வெறுப்பவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் இந்தப் பெயர் வந்தால் எல்லோரும் "பாவம்" என்று முடித்துவிடுகிறோம். முன்னால் போன காரில் இருந்தவரும் அன்று செத்திருக்கலாம் என்பதைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

நசீம் ஹமீட்? ஜெர்வோன்டா டேவிஸ்?

இரண்டும் வேறு. ஹமீட் 2005 மே மாதம் ஷெஃபீல்டில் தன் மெக்லாரன் காரில் வெள்ளைக்கோட்டைத் தாண்டி முந்தப்போய், எதிரே வந்த காரில் மோதினார், ஒருவர் படுகாயமடைந்தார். வழக்கு ஆபத்தான ஓட்டத்துக்கானது. 15 மாதச் சிறை விதிக்கப்பட்டது, பதினாறு கிழமையில் வெளியே வந்தார். அரசி கொடுத்த எம்.பி.இ. என்ற பிரித்தானிய அரச விருதைப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். குத்துச்சண்டை உலகம் தொடாததை அரண்மனை தொட்டது.

டேவிஸ், 2020 நவம்பரில் பல்டிமோரில் சிவப்பு விளக்கைத் தாண்டிப்போய் மோதி, நால்வர் காயமடைந்து கிடக்க இடத்தைவிட்டுப் போனவர். அந்த நால்வரில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். 2023 பெப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மே மாதம் தண்டனை வந்தது. இடையில் ஏப்ரல் 22 அன்று ரையன் கார்சியாவை ஏழாம் சுற்றில் விழுத்தினார். அந்தச் சண்டையை நாங்களும்தான் கைதட்டிப் பார்த்தோம்.

கார் விபத்து என்றவுடன் குடி என்று முடிவு கட்டாதீர்கள். மெக்சிகோவின் சல்வடோர் சான்செஸ் 1982 இல், 23 வயதில், சாம்பியனாகவே விபத்தில் இறந்தார். "அவரும் குடிகாரன்தான்" என்று ஒருவர் வாய்கூசாமல் சொன்னார். பிடிபடுவது வேறு, வழக்கு வேறு, குற்றம் உறுதியாவது வேறு. கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

டபிள்யூ.பி.சி., ஐ.பி.எப். எல்லாம் ஏன் பட்டத்தைப் பறிக்கவில்லை?

அவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரரின் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம் இவர்களுக்குப் போகும். பெரிய பெயர் பட்டத்தோடு இருந்தால்தான் அந்த 3 சதவீதம் பெரிய தொகை.

பறிக்கவே தெரியாதவர்கள் என்று நினைக்கவேண்டாம். டைசன் ஃபியூரி 2015 நவம்பர் 28 அன்று கிளிட்ச்கோவை வென்றார். ஐ.பி.எப். சொன்ன ஆளோடு மோதாமல் கிளிட்ச்கோவோடு மறுபோட்டிக்கு ஒப்புக்கொண்டிருந்தார் என்பதற்காக, இரண்டு கிழமைக்குள் அந்த அமைப்பு பட்டத்தை எடுத்துக்கொண்டது. வரிசையில் நிற்கும் அடுத்த ஆளைக் காக்கவைத்தால் பெல்ட் போகும். மூன்று மணிக்கு வெறியில் கார் உருட்டினால் போகாது. அவர்களுடைய விதிப்புத்தகத்தில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை.

பட்டத்தை விடுங்கள். சண்டையிடும் லைசன்ஸை நிறுத்த முடியாதா?

முடியும். அமெரிக்காவில் அநேகமாக ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆணையம் இருக்கிறது, அதன் லைசன்ஸ் இல்லாமல் அந்த மாநிலத்தில் வளையத்துக்குள் ஏற முடியாது. 1997 ஜூன் 28 அன்று ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த டைசனுக்கு நெவாடா ஆணையம் 30 இலட்சம் டொலர் தண்டம் போட்டு லைசன்ஸையும் ரத்துச் செய்தது. அடுத்த வருடம் ஒக்டோபரில்தான் திரும்பக் கொடுத்தது. ஆயுதம் இருக்கிறது. எடுப்பதில்லை.

இங்கே எங்கள் வீட்டில் மூத்தவரான அண்ணன் ஒருவர் எப்போதும் ஒரு தடை போடுவார்: "அலியை மறந்திட்டீங்களா?" நியாயமான தடை. 1967 ஏப்ரல் 28 அன்று முகமது அலி இராணுவத்தில் சேர மறுத்தார். அன்றைக்கே நியூயோர்க் ஆணையம் லைசன்ஸை நிறுத்தியது, பட்டமும் போனது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொன்னது ஜூன் 20 அன்று. அதாவது தீர்ப்புக்கு ஏழு கிழமைக்கு முன்பே ஆணையம் தண்டித்துவிட்டது. 1970 ஒக்டோபர் வரை மூன்றரை வருடம், ஒரு வீரனின் மிகச்சிறந்த வயது, வீணாகப் போனது. 1971 இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அலியின் பக்கம் நின்றது. போன வருடங்களை யார் திருப்பிக் கொடுத்தது?

ஆகவே கைதான மறுநாளே லைசன்ஸைக் கிழி என்று கத்துபவர்களோடு நான் இல்லை. அதே ஆணையங்கள் அன்று ஊர்க்கோபத்துக்கு ஆடின, இன்றும் ஆடும். ஆனால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டால் அல்லது நிரூபிக்கப்பட்டால் ஒரு வருடமாவது சண்டை கிடையாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாமே. பெயர் பார்க்காத விதி. பெரிய சண்டை காத்திருக்கிறது என்று தள்ளிப்போட முடியாத விதி. அண்ணனும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் சம்மதித்ததாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, அவர் அப்படித்தான்.

ஊக்கமருந்துக்குத் தடை இருக்கிறது. மதுவுக்கு ஏன் இல்லை?

மது யாரையும் நல்ல குத்துச்சண்டை வீரனாக்காது, அதனால். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் வில்வித்தை, கார்ப் பந்தயம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் மது இருந்தது. 2018 தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் நாட்டுக்காரர் மஞ்சு வன்னியாரச்சி 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்றார். 1938 இல் பார்னி ஹென்றிக்கஸ் வென்றதற்குப் பிறகு குத்துச்சண்டையில் கிடைத்த தங்கம் என்று நாடே கொண்டாடியது. நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டு அந்தத் தங்கம் பறிபோனது. பறித்தது சரி. ஆனால் விளையாட்டு எதைப் பாவமாகக் கருதுகிறது என்பதைக் கவனியுங்கள்: எதிராளியை ஏமாற்றுவதை மட்டும்.

தலையில் அடி வாங்கி மூளை கெட்டவர்கள், அவர்களைக் குற்றம் சொல்லலாமா?

வருடக்கணக்கில் தலையில் வாங்கும் அடி நிதானத்தையும் தீர்மானிக்கும் சக்தியையும் கெடுக்கும் என்பது புதுச்செய்தி இல்லை. ஹரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க வைத்தியர் 1928 இலேயே இதை எழுதிவிட்டார். தள்ளாட்டம், குழறும் பேச்சு, மாறும் குணம் என்று அவர் விவரித்ததைப் பழைய வீரர்களிடம் இப்போதும் பார்க்கலாம். எனவே நாற்பது வயதைத் தாண்டிய, நூறு சண்டை போட்ட ஒருவர் விஷயத்தில் எனக்கும் மனம் இளகும்.

இருபது சொச்சம் வயதில், கழுத்தில் பெல்ட்டோடு, கூட நாலு உதவியாளர் இருக்க, சாவியைத் தானே வாங்கிக்கொண்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது. உண்மையில் இந்த வாதத்தைத் திருப்பிப் போடவேண்டும். நொக்கவுட்டில் தோற்றவருக்கு ஆணையம் வைத்திய ஓய்வு கொடுக்கிறது: முப்பது, அறுபது, தொண்ணூறு நாள் என்று. அந்த நாட்களில் மோதக்கூடாது, பயிற்சிச் சண்டையும் கூடாது. தலையில் அடிபட்டவர் குடிக்கவேண்டாம் என்று எந்த வைத்தியரும் சொல்வார். அந்த மூளை பயிற்சிக் கையுறைக்கே தகுதியில்லை என்றால், மது ஊற்றிய பிறகு காருக்குத் தகுதியா?

வீரன் உடம்பு, நாலு பெக் என்ன செய்யும்?

கொஞ்சம் உண்மை, பெரும்பாலும் வீராப்பு. மது உடம்பிலுள்ள தண்ணீரில் பரவும். தசையில் தண்ணீர் அதிகம், கொழுப்பில் குறைவு. அதனால் ஒரே எடையுள்ள தொப்பைக்காரரைவிடத் தசைக்காரருக்கு இரத்த அளவு சற்றுக் குறைவாக வரும். ஆனால் இறங்கும் வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஈரல் தன் பாட்டில் வேலை செய்யும், சராசரியாக மணிக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 15 மில்லிகிராம். இரவு இரண்டு மணிக்கு 150 இருந்தால், டெக்சாஸின் எல்லையான 80 க்கு வரவே காலை ஆறரை தாண்டிவிடும். முழுதாய்ப் போகப் பகல் பன்னிரண்டு. குளியல், பிளேன்டீ, தேசிக்காய், வாந்தி ஒன்றும் இதைத் துரிதப்படுத்தாது.

இன்னொன்று, மாதக்கணக்கில் பயிற்சி முகாமில் ஒரு சொட்டும் தொடாதவர் சண்டை முடிந்த கிழமையில் ஒரேயடியாகக் குடிக்கிறார். உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். சாதாரணக் குடிகாரரைவிட அவருக்குத்தான் சீக்கிரம் ஏறும்.

அது அவனுடைய சொந்த வாழ்க்கை. ரசிகனுக்கென்ன?

வளையத்துக்குள் எதிரே நிற்பவர் கையெழுத்துப் போட்டு வந்தவர். நிறை பார்த்திருக்கிறார்கள், வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்கிறார், கையுறை எட்டு அவுன்ஸா பத்தா என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் மணி அடிக்கும். நடுவில் ஒருவர் நிற்கிறார், நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும். ஒரு மனிதன் இன்னொருவனை அடிப்பதை நாம் காசு கொடுத்துப் பார்க்க முடிவது இவ்வளவும் இருப்பதால்தான்.

நிலாவெளி வீதியில் அதிகாலை நாலரைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். மாடுகள் சூடு ஆறாத தாரில் படுத்திருக்கும். லைற் இல்லாத சைக்கிளில் ஒருவர் கரைவலைக்குப் போவார். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் எதிரே வரும். கோட்டைப் பக்கம் என்றால் புள்ளிமான் குறுக்கே ஓடும். நிதானத்தில் இருப்பவருக்கே பிரேக்கில் கால் இருக்கவேண்டும். அந்தச் சைக்கிள்காரர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு நடுவரும் இல்லை, மணியும் இல்லை. டலாஸ் வீதியிலும் கணக்கு இதேதான். அன்று அங்கே சைக்கிள்காரர் இல்லாதது ஸ்பென்ஸின் அதிர்ஷ்டம். சொந்த வாழ்க்கை என்ற சொல் வீட்டுக் கேற்றோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் கிரிக்கெட்டில் மட்டும் ஒழுங்கா?

கேட்பீர்கள் என்று தெரியும். 2019 மார்ச் 31 அதிகாலை, டெஸ்ட் அணித் தலைவர் திமுத் கருணாரத்ன கொழும்பு பொரளைப் பக்கம் ஓர் ஓட்டோவில் மோதி, போதையில் ஓட்டியதற்காகக் கைதானார். தென்னாபிரிக்காவை அவர்கள் மண்ணிலேயே 2-0 என்று வென்று வந்து சில கிழமைதான். கிரிக்கெட் சபை 7,500 டொலர் தண்டம் போட்டது. ஏப்ரல் நடுவில் அவரையே உலகக்கிண்ண அணிக்குத் தலைவராக்கியது. 2015 க்குப் பிறகு ஒருநாள் போட்டியே ஆடாதவர்.

ஒன்று சொல்லலாம்: கிரிக்கெட் வீரருக்கு ஒப்பந்தம் போட்ட முதலாளி இருக்கிறார், அதனால் அந்தத் தண்டமாவது வந்தது. குத்துச்சண்டை வீரருக்கு முதலாளி இல்லை, அவரை நம்பிப் பிழைப்பவர்கள்தான் இருக்கிறார்கள். மற்றப்படி நாங்கள் அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்கார அக்கா "அந்த ஓட்டோக்காரருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். காயப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார் என்பதற்கு மேல் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கருணாரத்னவின் சராசரி மட்டும் மூன்று பேருக்குத் தசமத்தோடு தெரிந்திருந்தது.

இங்கே பிடிபட்டால் என்ன?

பலூன் ஊதச் சொல்வார்கள். பிறகு நீதவான் நீதிமன்றம், குறைந்தது 25,000 ரூபாய் தண்டம், லைசன்ஸும் இடைநிறுத்தப்படலாம். "சேரைத் தெரியும்" என்று ஃபோன் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

திருந்தியவரை மன்னிக்கக்கூடாதா?

மன்னிக்கலாம். டைசன் இன்று வேறு மனிதர் என்று நானும் நம்புகிறேன். ஆனால் மன்னிப்பைக் கொடுக்கவேண்டியவர் காரின் முன்னால் இருந்தவர், எங்கள் கையில் ரிமோட் மட்டும்தான் இருக்கிறது. அப்புறம், தனக்குப் பிடித்த வீரனுக்கு "இரண்டாவது வாய்ப்பு", பிடிக்காதவனுக்கு "ஆயுட்காலத் தடை" என்று பேசுபவர்களை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை.

கூடிப் பார்க்கும் இடத்தில் குடிக்கலாமா?

ஞாயிறு காலைச் சண்டைக்கு யாரும் குடிப்பதில்லை, இடியப்பமும் சொதியும் போதும். சிக்கல் இங்கிலாந்துச் சண்டைகளில். லண்டனில் இரவு பத்து என்றால் கோடையில் இங்கே அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. இரவு பத்துக்கே வந்து போத்தலைத் திறந்தால் பெரிய சண்டை தொடங்க முன்பே பாதிப்பேருக்கு ஏறிவிடும், விடிவதற்குள் வீட்டுக்குப் போகவும் அவசரம். ஆகவே குடிப்பவர் வரும்போதே சாவியை அக்காவின் பிஸ்கட் டின்னில் போடவேண்டும். அக்கா எழும்பி, அவருக்குத் திருப்தி என்றால்தான் சாவி திரும்ப வரும்; அவர் எழும்புவது ஆறரைக்கு, திருப்தியாவது அபூர்வம். ஹோலில் பாய் இருக்கிறது. போயே ஆகவேண்டுமென்றால் ஓட்டோ. சாம்பல்தீவு, உப்புவெளிக்காரர் சேர்ந்து ஒன்றில் போகலாம். கிண்ணியாக்காரர்கள் முதல்நாளே ஓட்டோக்காரரிடம் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில் பாலம் தாண்டி வர எல்லோரும் சம்மதிப்பதில்லை.